மண்குதிரை

அதன் பெயர் கோர்குர்.
பனிமலை உருகி வரும் ஆற்றின் அடியில்
தங்குகிற வண்டலுக்கு எங்கள் தீவில் அந்தப் பெயர்.
காபிக் கோப்பையின் அடியில் மிஞ்சுவதற்கும் அதேதான்.
குட்டியாய் நனைந்து கிடந்தபோது அந்த நிறம்.
பெயர் வைத்தவள் நான்.

மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்பார்கள்.
போன செப்டம்பரில் இறங்கினேன்.
மலையிலிருந்து ஆடுகளை ஓட்டி வரும் நாள்;
முப்பது குதிரைகள், எண்ணூறு ஆடுகள், சாய்ந்த மழை.
நடு ஆற்றில், ஓடும் நீரைக் குனிந்து பார்த்தேன்.
அவ்வளவுதான்.
ஆறு நின்றது, குதிரை பக்கவாட்டில் ஓடியது.
இல்லாத சாய்வுக்கு எதிராக
என்னை நிமிர்த்திக்கொள்ளச் சாய்ந்தேன்.

கோர்குர் அக்கரை ஏறி
உடம்பை உதறி
காலிச் சேணத்தோடு திரும்பிப் பார்த்தது.
கரைந்தது யார் என்று
அதற்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஊர் நீச்சல்குளத்தில் உயிர்காப்பாளர் வேலை எனக்கு,
இருபத்திரண்டு வருடமாக.
என்னைக் காலரைப் பிடித்து இழுத்துப் போட்டது
பக்கத்துப் பண்ணை ஹ்யால்மர்.
வெந்நீர்த் தொட்டியில் கழுத்தளவு அமர்ந்து
ஆண்கள் அந்தக் கதையைப் பேசுவார்கள்,
நான் துண்டு மடிக்கிற தூரத்தில்.

குளிர்காலம் முழுக்கச் சேணம் பூட்டினேன்.
ஏறவில்லை.
பூட்டி, வயிற்றுவாரை இரண்டு துளை இறுக்கி,
கொஞ்சம் நின்று, அவிழ்த்து, ஆணியில் மாட்டி, வீட்டுக்கு.
ஒரு நாள் அங்கவடியில் கால் வைத்தேன்.
முழங்கால் பிசைந்த மாவாய்த் தொய்ந்தது.
கோர்குர் மென்றதை நிறுத்தாமல்
ஒரு காதை மட்டும் என் பக்கம் திருப்பியது.
பிப்ரவரியில், அது வைக்கோல் தின்று முடிக்கும்வரை
மேலே உட்கார்ந்திருந்தேன். நகரவே இல்லை.
நீங்கள் அதைச் சவாரி என்று சொல்லமாட்டீர்கள்.
நான் நாட்காட்டியில் சுழித்து வைத்தேன்.

"யோசிக்காதே, ஏறி ஓட்டு" என்றார் ஹ்யால்மர்.
நல்ல மனிதர். விழுந்ததே இல்லை.

மே மாதம் விற்றுவிட முடிவு செய்தேன்.
டென்மார்க்கிலிருந்து டிட்டே வந்தாள்.
தீவை விட்டுப் போன குதிரை
திரும்பி வரக்கூடாது என்பது சட்டம்;
அதுவும் நல்லதே என்று நினைத்துக்கொண்டேன்.
பல்லைப் பார்த்தாள், குளம்பைத் தூக்கினாள்,
வேலியோரமாய் ஓட்டிப் பார்த்தாள்.
தளும்பத் தளும்பப் பால் பிடித்துக்கொண்டு போகலாம்,
அப்படி ஒரு நடை அதற்கு.
இறங்கி, கையுறையைக் கழற்றியபடி கேட்டாள்:
"தண்ணீரில் இறங்குமா?"

"இறங்கும்" என்றேன்.
அவள் குதிரையைப் பார்த்தாள், சந்தேகமாக.
குதிரையை.
என் பழி அதன் முதுகில் ஏறி உட்கார்ந்திருப்பது
அப்போதுதான் கண்ணில் பட்டது.

அக்கரையில் வெள்ளை பிளாஸ்டிக் சுற்றிய ஒரு வைக்கோல் உருண்டை.
அதை மட்டும் பார்த்தேன்.
நீச்சல்குளத்துக் கட்டணப் பலகையை உரக்கச் சொன்னேன்:
பெரியவர், சிறுவர், பத்துமுறைச் சீட்டு, துண்டு வாடகை.
பூட்ஸுக்குள் நீர் வந்தது.
பெரியவர், சிறுவர்.
ஒவ்வொரு குளம்பும் அடியைத் தேடிப் பார்த்து,
ஒத்துக்கொண்ட பிறகே எடை போடுவது
சேணத்தின் வழியாக என் இடுப்புக்கு ஏறி வந்தது.
நான்காம் முறை துண்டு வாடகைக்கு வந்தபோது
கல் ஒலித்தது. கரை.

டிட்டே அந்தப் பக்கம் நிற்கிறாள்.
திரும்ப வேண்டும்.
அதை நான் யோசித்திருக்கவில்லை.
திரும்பும்போது பயம் முழுசாக வந்தது,
பிடரி மயிரை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன்,
கடிவாளம் தன்பாட்டுக்குத் தொங்கியது.
கடிவாளம் தேவைப்படவில்லை.

எவ்வளவு என்று கேட்டாள் டிட்டே.
துண்டு வாடகை மட்டும்தான் ஞாபகம் வந்தது.

இப்போது வாரம் ஒருமுறை கடக்கிறோம்.
சளி பிடித்து இரண்டு வாரம் விட்டால்
முழங்கால் மறுபடி மாவு,
மறுபடி ஆணியில் சேணம், மறுபடி நாட்காட்டி.
ஆடு ஓட்டும் நாளுக்கு இன்னும் பதினேழு நாள்.
வைக்கோல் உருண்டையை நேற்று
ஹ்யால்மர் டிராக்டரில் எடுத்துப் போய்விட்டார்.
அக்கரையில் வேறு ஏதாவது பார்த்து வைக்கவேண்டும்.